முகம் பார்த்துப் போட்ட திட்டம்

தலைமையாசிரியை கரும்பலகையில் ‘ஐந்தாண்டுத் திட்டம்’ என்று முத்து முத்தாக எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டுத் திரும்பினார். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பள்ளியின் நிர்வாகக் குழு கூடியிருந்தது. நூலகத்தின் கூரை ஒழுகியதால் கூட்டத்தை ஆறாம் வகுப்பறைக்கு மாற்றியிருந்தார்கள். பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் பெரியவர்கள் உட்கார்ந்ததில், எல்லோருடைய முழங்காலும் நெஞ்சை வந்து தொட்டுக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் மருந்துக் கடைக்காரர். யார் எதைச் சொன்னாலும், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்கப் போகிறவர் மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வார். அவருக்குப் பக்கத்தில் பல் டாக்டர். எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் வேரோடு எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. ஜன்னல் ஓரத்தில் பிரேக் மேடம்.

பிரேக் மேடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அவருக்கு ஒரு பிரேக். கற்றுக்கொள்ள வந்தவர்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் குழுவுக்குள் வந்த கதையே வேடிக்கையானது. பெற்றோர் கூட்டத்தில் யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, பின்வரிசையிலிருந்து யாரோ, “அவங்க ஏற்கெனவே ஒரு ஸ்கூல் நடத்துறாங்க” என்று சொல்லிவிட்டார்கள். உடனே எல்லோரும் கை தட்டினார்கள். அது டிரைவிங் ஸ்கூல் என்று மேடம் எழுந்து விளக்குவதற்குள் தலைவர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

வந்ததுதான் வந்தோம், திட்டம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டாவது போவோம் என்று மேடத்துக்கு ஒரு ஆசை. இயல்பாகவே அவருக்கு எதையும் துருவிப் பார்க்கும் குணம். அன்றைக்குக் கூட்டத்தில் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“நான் வண்டி ஓட்டச் சொல்லித்தர்றவ. ஸ்டியரிங்ல கை வைக்கறதுக்கு முன்னாடி, எங்க போகணும்னு கேப்பேன். நாமளும் அதையே கேட்டுப் பாப்போமே. அஞ்சு வருஷம் கழிச்சு நம்ம பிள்ளைங்க எங்க இருக்கணும்?”

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல் டாக்டர் தாடையைத் தடவினார். இவ்வளவு சுலபமான கேள்வி திட்டத்தில் வரலாமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தாலும், பதில்கள் கிடுகிடுவென்று வந்தன.

அவர்கள் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. இந்த முறை ஊரில் ஒரே ஒரு பள்ளிக்குத்தான் புதுக் கட்டடமும் கூடுதல் ஆசிரியர்களும் தருவதாகக் கல்வி அலுவலகம் சொல்லியிருந்தது. எந்தப் பள்ளியின் நிர்வாகக் குழு நல்ல திட்டம் போடுகிறதோ, அதற்கு. வகுப்புக்கு இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். மேடத்தின் மகளுக்கு வேறொரு கவலை. எட்டாம் வகுப்பில் படிக்கும் அவள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் இருப்பது இரண்டே கழிவறைகள். அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

ஆகவே மேடம் சொன்ன முதல் யோசனை கழிவறை. தாழ்ப்பாளோடு, தண்ணீரோடு, போதுமான அளவுக்கு. தலைமையாசிரியை எழுதிக்கொண்டார். ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் ஒரு வாசிப்பு வகுப்பு வேண்டும் என்று அவரே சேர்த்தார். புதிதாக வரும் ஆசிரியர்கள் வருஷம் முடிவதற்குள் ஓடிப்போகிறார்கள், ஆளுக்கு ஒரு மூத்த ஆசிரியரைத் துணையாகப் போட்டால் நிற்பார்கள் என்று தலைவர் சொன்னார். பெற்றோர் கூட்டத்தை வேலை நேரத்தில் வைத்தால் எவன் வருவான், சாயங்காலம் வையுங்கள் என்றார் பல் டாக்டர். கரும்பலகை பாதி நிறைந்தது. திட்டம் போடுவது இவ்வளவுதானா என்று மேடத்துக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு அந்த மனிதர் உள்ளே வந்தார்.

நடுத்தர வயது. மடிப்புக் கலையாத சட்டை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பேசாமல் போய்க் கடைசி பெஞ்சின் மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. காலையில் பள்ளி எழுத்தர் ஒரு செய்தி சொல்லியிருந்தார். நிர்வாகக் குழுக் கூட்டம் எப்படி நடக்கிறதென்று பார்க்க ஒருவர் வருவார் என்று யாரோ போன் செய்தார்களாம். எங்கிருந்து பேசுகிறார்கள் என்று எழுத்தர் கேட்பதற்குள் மணி அடித்து, பிள்ளைகள் போட்ட கூச்சலில் மீதி காதில் விழவில்லையாம். நிர்வாகக் குழு கூடுவதைப் பார்க்க ஊரில் வேறு யாருக்கு ஆசை வரும்? தலைவர் குனிந்து, “கல்வி அலுவலகத்து ஆளு” என்று கிசுகிசுத்தார். எல்லோருடைய முதுகும் தானாக நிமிர்ந்தது.

வந்தவரோ கரும்பலகையைப் பார்த்தார். முதல் வரியைப் படித்தார். நெற்றி சுருங்கியது. இரண்டாவது வரியைப் படித்தார். புருவம் இரண்டும் நெருங்கி ஒன்றையொன்று தொட்டன. மூன்றாவதற்கு உதட்டைக் கடித்தார். நான்காவதற்குப் பெருமூச்சு விட்டார்.

இந்த இடத்தில் பிரேக் மேடத்தின் திறமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலையைத் திருப்பாமல், ஓரக்கண்ணால், பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் படித்துவிடுவார். இந்த ஆள் அடுத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பாரா, கண்ணை மூடிக்கொள்வாரா என்பது மேடத்துக்கு அந்த ஆளுக்கு முன்பே தெரியும். பல வருஷமாக அந்த ஓரக்கண்ணை நம்பித்தான் அவருடைய காரும், ஊரில் பல பேருடைய உயிரும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கண் இப்போது சொன்னது: பிடிக்கவில்லை.

“அவருக்குப் பிடிக்கலை” என்றார் மேடம் மெதுவாக.

“எது?” என்றார் தலைவர்.

“எதுவுமே.”

நால்வரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். இவையெல்லாம் சில்லறை விஷயமாகத் தெரிகிறதோ என்னவோ என்று தலைமையாசிரியை பயந்தார். ஐந்தாண்டுத் திட்டம் என்ற தலைப்புக்குக் கீழே தாழ்ப்பாள் என்று எழுதியிருப்பது தமக்கே கொஞ்சம் கூச்சமாக இருப்பதாகத் தலைவரும் சொன்னார். கடைசியில், “முதல் வரியை எடுத்திடலாம்” என்ற வார்த்தை மேடத்தின் வாயிலிருந்தேதான் வந்தது. தலைமையாசிரியை துடைப்பானை எடுத்துக் கழிவறையைத் துடைத்தார். மூலையில் இருந்தவரின் நெற்றி இன்னும் சுருங்கியது. அடுத்ததுக்காகக் காத்திருக்கிறார் என்று மேடம் மொழிபெயர்த்துச் சொல்ல, வாசிப்பு வகுப்பையும் அழித்தார்கள். மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே போயின.

கரும்பலகையில் தலைப்பும் கோடும் மட்டும் மிஞ்சின. எல்லோரும் முழித்தார்கள். பல் டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இதெல்லாம் வேணாம்னா, பிள்ளைங்களுக்குக் குதிரை ஏற்றம் சொல்லித்தரலாமா?” என்று கேலியாகக் கேட்டார்.

மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த மனிதர் சிரித்துவிட்டிருந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டாலும் கண்கள் சிரிப்பது மேடத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

“எழுதுங்க” என்றார் மேடம்.

தலைமையாசிரியை முத்து முத்தாக எழுதினார்: குதிரை ஏற்றம்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மகள் கேட்டாள், கழிவறையை எழுதியாயிற்றா என்று. எழுதினோம் என்றார் மேடம். அது பொய்யில்லை. அழித்தோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. மகள் தம்ளரில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று ஊற்றிக்கொண்டாள். அதைப் பார்க்க மேடத்துக்கு என்னவோ போல் இருந்தது.

மேடத்தின் கணவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். மேலே, கீழே என்பதைத் தவிர வேறு திசை உலகத்தில் இருப்பதாக அவர் நினைப்பதில்லை. மகள் தூங்கப் போன பிறகு நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்த ஆளுகிட்டயே கேட்டுட்டா போச்சு.”

“அதெப்படிங்க கேக்கறது? நீங்க யாருன்னு அதிகாரிகிட்டயே கேக்க முடியுமா? அவருக்கு மரியாதைக் குறைவா இருக்காது?”

“யாருன்னு தெரியாமலே அவருக்காகக் குதிரை வாங்கப் போறீங்க. அது மட்டும் மரியாதையா?” என்று கேட்டுவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு மேடம் ஒரு யுக்தியோடு போனார். கழிவறை என்று சொன்னால்தானே சில்லறையாகத் தெரிகிறது? அதையே பெரிய வார்த்தையில் சொன்னால்? ராத்திரி யோசித்து ஒரு பெயர் தயாரித்திருந்தார். தலைமையாசிரியை அதைப் பலகையில் எழுதினார்: ‘ஒருங்கிணைந்த நீர்வள நலவாழ்வு வளாகம்’.

கடைசி பெஞ்சுக்காரர் அன்றும் வந்து உட்கார்ந்திருந்தார். அதைப் படித்தார். தலையை ஒருபக்கம் சாய்த்து மறுபடி படித்தார். நெற்றியில் விழுந்த கோடுகளை மேடம் இங்கிருந்தே எண்ணிவிடலாம் போலிருந்தது. வேறு வழியில்லாமல் அதுவும் துடைப்பானுக்குப் போனது. தன் மகளின் கழிவறையை இரண்டு முறை அழித்த தாய் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று மேடம் நினைத்துக்கொண்டார்.

குதிரை மட்டும் போதுமா என்ற கேள்வி வந்தது. குதிரையைத் தனியாக விட்டால் பக்க விளைவு ஏதாவது வரும், துணைக்கு ஏதாவது சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார். நீச்சல் குளம் என்றார் பல் டாக்டர், இந்த முறை கேலியில்லாமல். மூலையில் இருந்தவரின் உதட்டோரம் துடித்தது. எழுதினார்கள். மொட்டை மாடியில் ஒரு கோபுரம் கட்டி, நட்சத்திரம் பார்க்கும் பெரிய தொலைநோக்கி வைக்கலாம் என்றார் தலைமையாசிரியை. பிள்ளைகள் பகலில்தானே வருகிறார்கள் என்று மேடம் கேட்க நினைத்தார். ஆனால் அந்த மனிதர் குனிந்து கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. இவ்வளவு சந்தோஷப்படுகிற மனிதரை எப்படி ஏமாற்றுவது? கோபுரமும் ஏறியது.

இருந்தாலும் மேடத்துக்குள் ஏதோ ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. பிடிக்காததைப் பார்த்தால் முகம் சுளிப்பார், சரி. அழித்த பிறகாவது அது தெளிய வேண்டாமா? ஒவ்வொன்றை அழிக்கும்போதும் அதிகமாக அல்லவா சுளித்தார்? ஓரக்கண்ணுக்குப் புரியாத முகத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. கணவர் சொன்னதுபோல் நேராகக் கேட்க வாய் வரவில்லை. சுற்றி வளைத்தாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய், வீடுவரை காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

அந்த மனிதர் சந்தோஷமாக ஏறிக்கொண்டார். ஏறின பிறகுதான் ஓட்டப் போவது மேடம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு தையல்காரருக்குப் பாடம். ரவுண்டானாவைக் கண்டால் ஊசிக்குள் நூல் கோக்கிறவர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு.

வண்டி நகர்ந்தது. மேடம் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தபடி, எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கேட்டார்.

“கல்வி அலுவலகத் தெருவில விட்டாப் போதும் மேடம்.”

இனிச் சந்தேகமே இல்லை. குரலை இன்னும் கொஞ்சம் பணிவாக்கிக்கொண்டு, எங்கள் திட்டத்தைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்.

அவர் சற்று யோசித்தார். “மொதல்ல நல்லா…” என்று அவர் தொடங்கவும், ரவுண்டானா வரவும், தையல்காரர் ஒரு கண்ணை மூடவும் சரியாக இருந்தது. எதிரே ஒரு லாரி. மேடம் தன் பிரேக்கை மிதித்தார். பின்னால் இருந்தவர் முன்னால் வந்து, முன்னிருக்கையின் முதுகைக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் கல்வி அலுவலகத் தெரு வரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. வாயையும்தான்.

இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “உங்க குழுவுக்கு இருக்கற தைரியம் வேற யாருக்கும் வராது மேடம்.”

மேடம் அதை மற்ற மூவருக்கும் அப்படியே போனில் ஒப்பித்தார். தலைவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். ‘மொதல்ல நல்லா’ என்றால் முதலில் நன்றாக யோசியுங்கள் என்றுதான் அர்த்தம் என்று தலைமையாசிரியை விளக்கம் கொடுத்தார். தைரியம் என்று அதிகாரியே சொன்ன பிறகு தயங்குவது அவமரியாதை என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார்.

கடைசிக் கூட்டத்துக்கு அந்த மனிதர் வரவில்லை. அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்தாகிப்போனது. முகம் இருந்தவரை அதைப் பார்த்து எழுதினார்கள். வெறும் மூலையைப் பார்த்து என்ன எழுதுவது? கோபித்துக்கொண்டாரா, திருப்தியா என்று தெரியாமல், இரண்டுக்கும் பொதுவாக, கண்ணுக்குப் பெரியதாகத் தோன்றியதையெல்லாம் போட்டார்கள். வாசலில் இசைக்கேற்ப ஆடும் நீரூற்று வந்தது. குதிரைகளுக்கு மின்விசிறியோடு லாயம் வந்தது. கோபுரத்துக்கு லிப்ட் வந்தது. அன்று வீட்டில் அதைச் சொன்னபோது மேடத்தின் கணவர் முதல்முறையாகத் திட்டத்தைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொன்னார்.

திட்டத்தைச் சொல்ல வேண்டிய நாள் வந்தது. கல்வி அலுவலகத்தின் நீண்ட கூடத்தில் ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளின் குழுக்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேடையில் மேசை போட்டு ஒரு பெண் அதிகாரி. மேடம் எட்டி எட்டிப் பார்த்தார். கடைசி பெஞ்சுக்காரர் மேடையில் இல்லை. கீழே கூடத்தின் ஒரு மூலையில் அவருடைய தலை தெரிந்தது. மூலை என்றால் அவருக்கு அவ்வளவு பிடிக்கும் போலிருக்கிறது, அலுவலகத்திலும் அப்படித்தான் உட்காருகிறார் என்று தலைவர் வியந்தார்.

அவர்கள் முறை வந்தது. தலைமையாசிரியை எழுந்து, குரல் நடுங்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். நீரூற்று வந்த இடத்தில் பின்வரிசையில் யாரோ இருமினார்கள். லாயத்துக்கு நிறையப் பேர் இருமினார்கள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். “குதிரைங்களுக்குத் தண்ணித் தொட்டி உண்டா?” என்று கேட்டார்.

லாயத்தில் எல்லா வசதியும் செய்திருப்பதாகத் தலைமையாசிரியை சொன்னார்.

“பெண் பிள்ளைங்களுக்குக் கழிவறை எத்தனை இருக்கு?”

தலைமையாசிரியை தலைவரைப் பார்த்தார். தலைவர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். மேடம்தான் எழுந்து நின்றார்.

“ரெண்டு இருக்குங்க. ஒண்ணுக்குத் தாழ்ப்பாள் இல்லை.”

அதிகாரி வேறொன்றும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார். மேடம் உட்கார்ந்தபோது காது இரண்டும் சுட்டன. அந்தக் கேள்விக்கான பதில் தங்கள் கரும்பலகையில் முதல் வரியாக இருந்ததே என்று நினைக்க நினைக்க, எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. மற்ற குழுக்கள் என்ன படித்தன என்பது அவர் காதில் ஏறவேயில்லை. கடைசியில் அதிகாரி எழுந்து முடிவைச் சொன்னார். புதுக் கட்டடம் இதே தெருவில் இருக்கும் பள்ளிக்கு. அவர்களுடைய திட்டம் மாதிரி ஒரு திட்டத்தை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்றும், பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசிவிட்டு எழுதியது போல் இருக்கிறதென்றும் பாராட்டினார். முன்பக்கம் கைதட்டல் எழுந்தது. யார் யாரோ எழுந்து நின்று மறைத்தார்கள்.

தலைவர் தளர்ந்துபோய் வெளியே நடந்தார். மேடம் கார் நிறுத்தியிருந்த இடத்துக்குத் தனியாக வந்தார். மகளிடம் இன்றைக்கு என்ன சொல்வது? இன்னும் சில வருஷம் தாகத்தைப் பொறுத்துக்கொள் என்றா? கதவைத் திறக்கப் போனவர், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கடைசி பெஞ்சுக்காரர் அவரைத் தேடிக்கொண்டு வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மேடத்துக்கு அதுவரை இருந்த மரியாதையெல்லாம் ஒரு நொடியில் கழன்று விழுந்தது. கணவர் முதல் நாளே சொன்னதை இப்போது செய்தார். நேராகவே கேட்டார்.

“நீங்க முகம் சுளிச்சீங்கன்னுதானே சார் ஒவ்வொண்ணா எடுத்தோம்? நீங்க சிரிச்சதைத்தானே எழுதினோம்? உங்க ஆபீஸ்ல அதையே தப்புன்னு சொன்னா நாங்க யாரைப் பாத்துத் திட்டம் போடுறது?”

அந்த மனிதரின் சிரிப்பு நின்றது. நெற்றி சுருங்கியது. புருவம் இரண்டும் நெருங்கின. இத்தனை நாளில் முதல்முறையாக மேடம் ஓரக்கண்ணை விட்டுவிட்டு அந்த முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். அதில் இருந்தது கோபம் இல்லை. பிடிக்காமையும் இல்லை. வழி தெரியாமல் நடுரோட்டில் நிற்கிற ஒருவரின் முகம் அது.

“எங்க ஆபீஸா? நான் இந்தத் தெருவில இருக்கற ஸ்கூலோட கமிட்டி மேடம். திட்டம் எப்படிப் போடறதுன்னு உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டு வரச் சொல்லி அனுப்பினாங்க, நீங்க அழிச்சதையெல்லாம் வரிசையா எழுதித்தான் நாங்க கொடுத்தோம் – படிக்கறப்போ இதெல்லாம் நமக்குத் தோணலையேன்னு கவலை, அப்புறம் இவ்வளவு நல்ல யோசனைங்களைப் போய் எதுக்கு அழிக்கறாங்கன்னு புரியாமத்தான் நான் உக்காந்து முழிச்சுக்கிட்டிருந்தேன்.”